வேணுமா என்று கேட்கவில்லை

ஒரே நிலம். அப்பா காலத்தில் அங்கே மின்கம்பம் நட வந்தவர்களுக்கு மாலை போடாத குறை. மகன் காலத்தில் மின்கோபுரம் நட வந்தவர்களை டிராக்டரை வைத்து மறித்தார்கள். நடுவில் நாற்பது வருஷம்.

அப்பாவுக்கு வேண்டியிருந்த கரண்ட் மகனுக்கு வேண்டாமல் போய்விட்டதா? அதெல்லாம் இல்லை. மகன் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது, பால் கறக்கும் மெஷின் இருந்தது, டிவியும் இருந்தது. அப்புறம் எதற்காக அந்தக் கோபம்?

அதைப் புரிந்துகொள்ள நாம் கொஞ்சம் தூரம் போகவேண்டும். அமெரிக்காவின் வடக்கு ஓரம், கனடாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்னசோட்டா மாநிலம். மக்காச்சோளம், சோயா, மாட்டுப் பண்ணைகள். குளிர்காலத்தில் மைனஸ் முப்பது டிகிரி சர்வசாதாரணம்.

1935-ல் அமெரிக்க நகரங்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கிராமத்துப் பண்ணை வீடுகளில்? நூற்றுக்குப் பத்து வீட்டில்தான். மிச்சத் தொண்ணூறு வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு. தண்ணீர் கையால் அடித்துச் சுமக்கணும். துணி கையால் துவைக்கணும். தனியார் மின் கம்பெனிகளிடம் கேட்டால், 'மைலுக்கு ரெண்டு வீடு மூணு வீடு இருக்கிற ஊருக்குக் கம்பி இழுத்தால் எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது' என்று கையை விரித்தார்கள்.

அந்த வருஷம் மே மாதம் 11-ம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் என்று ஓர் அமைப்பு பிறந்தது. அடுத்த வருஷமே அதற்குச் சட்டமும் வந்தது. விஷயம் எளிமையானது. கம்பெனிக்காரன் வரமாட்டேன் என்கிறானா? விடுங்கள். நீங்களே கூட்டுறவுச் சங்கம் ஆரம்பியுங்கள், அரசாங்கம் குறைந்த வட்டியில் கடன் தரும், நீங்களே கம்பி இழுத்துக்கொள்ளுங்கள்.

இழுத்தார்கள். ஐந்து டாலர் கொடுத்தால் உறுப்பினர். பண்ணைக்காரர்களே வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து, 'உன் வேலியோரமாப் போகட்டும், அப்புறம் என் களத்து ஓரமா வளையட்டும்' என்று பேசித் தீர்த்தார்கள். கம்பம் நடுகிற இடத்துக்குப் பெரும்பாலோர் காசு வாங்கவில்லை. எதற்கு வாங்கணும்? அது அவர்கள் கம்பம். அதன் கடைசி முனையில் அவர்கள் வீட்டு பல்பு.

இந்தச் சமையலறை மேஜையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இது வேண்டியிருக்கும்.

இனி 1970-களுக்கு வருவோம்.

அந்தச் சின்னச் சின்னக் கூட்டுறவுச் சங்கங்கள் இப்போது வளர்ந்துவிட்டன. அவற்றுக்கு மின்சாரம் தயாரித்துக் கொடுப்பதற்காகவே ரெண்டு பெரிய கூட்டமைப்புகள் வந்திருந்தன. ஒன்று, கோஆபரேட்டிவ் பவர் அசோசியேஷன். மற்றது, யுனைடெட் பவர் அசோசியேஷன். முப்பதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இவற்றின் கீழே. மின்னசோட்டாவின் தலைநகரை ஒட்டிய புறநகர்களும் இவர்களுடைய வாடிக்கையாளர்களாகிவிட்டன. அங்கே வீடுகள் மளமளவென்று முளைத்தன. கரண்ட் தேவை இப்படியே ஏறிக்கொண்டு போகும் என்று கணக்குப் போட்டார்கள்.

பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவில் பழுப்பு நிலக்கரி பூமிக்கடியில் கொட்டிக்கிடக்கிறது. நம் நெய்வேலியில் கிடைக்கிற அதே சாதி. ஈரம் அதிகம், சூடு கம்மி. ரயிலில் ஏற்றி அனுப்பினால் பாதிக் கூலி தண்ணீரைச் சுமந்ததற்குத்தான் போகும். அதனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே, அண்டர்வுட் என்ற ஊரில், அனல் மின் நிலையம் கட்டுவது. கரிக்குப் பதிலாகக் கரண்டை அனுப்புவது. இதுதான் திட்டம்.

தூரம் சுமார் 430 மைல். சென்னையில் ஏறி கன்னியாகுமரியில் இறங்குகிற தூரம். அவ்வளவு தூரத்துக்கு ஏ.சி. கரண்டை அனுப்பினால் வழியில் சேதாரம் அதிகம். ஆகவே டி.சி. ப்ளஸ் 400, மைனஸ் 400 கிலோவோல்ட். ஒரு முனையில் ஏ.சி.யை டி.சி. ஆக்குகிற நிலையம். மறு முனையில், மினியாபொலிஸ் நகருக்கு மேற்கே, அதைத் திரும்ப ஏ.சி. ஆக்குகிற நிலையம். அந்த நிலையங்களுக்கு ஆகும் செலவு பயங்கரம். எனவே நடுவில் எங்கேயும் பிரித்து எடுக்கமுடியாது.

அதாவது, உங்கள் ஊர் வழியாகத்தான் எக்ஸ்பிரஸ் ரயில் போகும். தண்டவாளம் உங்கள் வயலில்தான். ஆனால் உங்கள் ஊரில் நிற்காது.

தண்டவாளமாவது தரையோடு கிடக்கும். இவை 150 அடிக்கு மேல் நிற்கிற இரும்புக் கோபுரங்கள். வயலுக்கு நடுவே ஒன்று நின்றால் உழுகிற பெரிய மெஷினை வளைத்து வளைத்து ஓட்டணும். வட்டமாகச் சுற்றி நீர் தெளிக்கிற பாசனக் குழாய் கோபுரத்தில் இடிக்கும், ஆகவே அங்கே அதைப் போடவே முடியாது. லைன் மூலைவாட்டில் குறுக்கே ஓடினால் இன்னும் மோசம், ஒரு வயல் ரெண்டு முக்கோணமாகிவிடும். கம்பிக்கு அடியில் தினமும் வேலை செய்தால் உடம்புக்கு என்ன ஆகும், மாடு கன்றுக்கு என்ன ஆகும் என்ற பயம் வேறு.

சரி, கூட்டுறவுச் சங்கம்தானே? உறுப்பினர்தானே முதலாளி? ஓட்டுப் போட்டுத் தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள்.

நல்ல கேள்வி. விவசாயி ஓட்டுப் போடுவது உள்ளூர்ச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு. அந்தக் குழு, பெரிய கூட்டமைப்புக்குப் பிரதிநிதியை அனுப்பும். அந்தப் பிரதிநிதிகள் எஞ்சினியர்களையும் ஆலோசனைக் கம்பெனிகளையும் வைத்து முடிவெடுப்பார்கள். சமையலறை மேஜையிலிருந்து முடிவெடுக்கும் மேஜை மூன்று மாடி உயரத்துக்குப் போய்விட்டது. கீழே இருந்தவனுக்கு விஷயம் தெரியவந்தபோது மின் நிலையம் எங்கே, கம்பி எங்கே முடியணும், எத்தனை கிலோவோல்ட் எல்லாம் முடிவாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: யார் வயல் வழியாக?

கருத்துக் கேட்பு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் கூட்டமைப்புகள் ஒவ்வொரு கவுண்டியாக, அதாவது நம் மாவட்டம் மாதிரியான உள்ளாட்சியிடம், அனுமதி கேட்டுப் போயின. போப் கவுண்டியில் எதிர்ப்பு பலமாக இருந்தது. இங்கே அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும் 1975-ல் கூட்டமைப்புகள் ரூட்டை மாற்றின. கம்பியின் ரூட்டை அல்ல, விண்ணப்பத்தின் ரூட்டை. உள்ளாட்சியை விட்டுவிட்டு நேராக மாநில அரசின் சுற்றுச்சூழல் கவுன்சிலிடம் போய்விட்டன. சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது.

மாநில அரசும் கூட்டம் போட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஊர் ஊராக நிறையக் கூட்டங்கள். விவசாயிகள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். எழுதி வைத்துப் படித்தார்கள். எல்லாம் டேப்பில் பதிவாயிற்று, டைப் ஆயிற்று, கோப்பில் ஏறியது.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். கம்பி எந்தப் பகுதி வழியாகப் போகவேண்டும் என்று 1975-ல் தீர்மானித்தார்கள். இந்தக் கம்பி தேவைதான் என்ற சான்றிதழ் 1976-ல் வந்தது. முகூர்த்த நாள் குறித்து, மண்டபமும் பிடித்துவிட்டு, அப்புறம் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்கிற கதை.

'வேணுமா?' என்று விவசாயி கேட்டால், 'அது இந்தக் கூட்டத்தின் விஷயம் இல்லை. இங்கே பாதையைப் பற்றி மட்டும் பேசுங்கள்' என்று பதில். பாதையைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? என் வயல் வேண்டாம் என்றால், பக்கத்து வயல் என்று அர்த்தம். இத்தனை நாள் அறுவடைக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்த ரெண்டு வீடுகள் வரைபடத்தில் எதிரெதிரே நின்றன. போதாததற்கு, காட்டுப் பறவைகளும் மிருகங்களும் வாழும் இடங்களை ஒதுக்கிவிட்டுத்தான் பாதை போட்டார்கள். நல்ல காரியம். ஆனால், வாத்துக்குக் கிடைத்த மரியாதை எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று விவசாயிகள் பொருமினார்கள்.

1976 ஜூனில் சர்வேயர்கள் கருவிகளோடு வந்து இறங்கினார்கள். ஸ்டெர்ன்ஸ் கவுண்டியில் ஒரு விவசாயி டிராக்டரைக் கிளப்பினார். நேராகப் போய் சர்வே கருவியின் மேலேயே ஏற்றிவிட்டார்.

சண்டை ஆரம்பித்தாயிற்று.

1976 டிசம்பர் கடைசியில் மின்னசோட்டாவுக்குப் புது கவர்னர் வந்தார். ரூடி பெர்ப்பிச். இரும்புச் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை. தொழில், பல் டாக்டர். ஏழை பாழை பக்கம் நிற்கிறவர் என்று பெயர். பதவியேற்ற சில நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், தானே கார் ஓட்டிக்கொண்டு விவசாயிகளைப் பார்க்கப் போனார். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினார். ஒரு கவர்னர் சமையலறை மேஜைக்கு வருவதென்றால் சும்மாவா? ஜனங்கள் நெகிழ்ந்து போனார்கள்.

பெர்ப்பிச் ஒரு யோசனையும் சொன்னார். அறிவியல் நீதிமன்றம். இரு தரப்பு நிபுணர்களும் வாதாடட்டும், பாரபட்சமில்லாத விஞ்ஞானிகள் தீர்ப்புச் சொல்லட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கம்பிக்கு அடியில் உடம்புக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதை மட்டும் விசாரிக்கலாம் என்றன கூட்டமைப்புகள். இந்தக் கம்பி தேவையா என்பதையும் சேர்த்து விசாரிக்கணும், அதுவரை வேலையை நிறுத்தணும் என்றார்கள் விவசாயிகள். மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதற்கு மட்டும் இடமில்லை. அந்த நீதிமன்றம் கூடவே இல்லை.

1977 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதி செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. காகிதத்தில் போட முடிந்த சண்டை அத்தோடு முடிந்தது.

1978 ஜனவரி. உறைபனி. வேலை தொடங்கியது. விவசாயிகள் வயலில் வந்து நின்றார்கள். சாணி தூவுகிற வண்டியை ஓட்டி வந்து வேலைக்காரர்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். சமையலறைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்த அதே பெர்ப்பிச், இருநூறுக்கும் மேற்பட்ட மாநிலப் போலீஸை அனுப்பிவைத்தார். மாநிலத்தின் மொத்த நெடுஞ்சாலைப் போலீஸில் கிட்டத்தட்ட பாதி. போலீஸ்காரர்களுக்கும் தர்மசங்கடம். எதிரே நிற்பது சர்ச்சுக்குப் போகிற, வரி கட்டுகிற, தாத்தா பாட்டி வயசு ஜனங்கள். சில இடங்களில் அந்தப் பாட்டிகளே அவர்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

மார்ச் மாதம் லோரி என்ற சிற்றூரிலிருந்து க்ளென்வுட் வரை ஊர்வலம். ஏறக்குறைய 8,000 பேர் பனியில் நடந்தார்கள். இந்த ஊர்களின் ஜனத்தொகையைப் பார்த்தால் அது கடல்.

கோபுரங்கள் எழுந்துகொண்டேதான் இருந்தன.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, ஒரு கோபுரம் சாய்ந்து கிடந்தது. அடித்தளத்தில் போல்ட்டுகளைக் காணோம். யார் செய்தது? ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: 'போல்ட் வண்டு!' பருத்திக் காயைத் துளைக்கிற பூச்சிக்கு அமெரிக்காவில் 'போல் வீவில்' என்று பெயர். இது 'போல்ட் வீவில்'. போல்ட்டைத் தின்கிற வண்டாம். சிரிக்காமல் சொன்னார்கள்.

அப்புறம் இன்னொன்று சாய்ந்தது. இன்னொன்று. மொத்தம் ஒரு டஜனுக்கு மேல். கம்பியைத் தாங்கும் கண்ணாடி இன்சுலேட்டர்களைத் தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுட்டு உடைத்தார்கள், ஆயிரக்கணக்கில். கூட்டமைப்புகள் காவலுக்கு ஆள் போட்டன. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. உடைந்ததை மாற்றியதற்கும் காவலுக்கும் ஆன செலவெல்லாம் எங்கே போய் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? கூட்டுறவுச் சங்கம் ஆயிற்றே. உறுப்பினர்களின் மின் கட்டணத்தில். விவசாயி தன்னோடு தானே சண்டை போட்டு, செலவையும் தானே கட்டினான்.

1979-ல் லைன் முழுமூச்சாக ஓட ஆரம்பித்தது.

அப்படியானால் விவசாயிகள் தோற்றார்களா? கோபுரத்தை வைத்துப் பார்த்தால், ஆமாம். அதற்காக அவர்கள் சொன்னதெல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. உடம்புக்கு ஆபத்து என்ற பயத்தை மாநில அரசு நியமித்த விஞ்ஞானிகள் 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். அப்படி எதற்கும் ஆதாரம் தென்படவில்லை என்றார்கள். ஆனால், கூட்டங்களில் பேசவே விடாத அந்த இன்னொரு கேள்வி? தேவை, கணக்குப் போட்ட வேகத்தில் ஏறவில்லை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் மின்சாரத் தேவையின் வளர்ச்சி மந்தமாகிவிட்டது. கேட்கக்கூடாத கேள்வி என்று ஒதுக்கி வைத்ததுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியாக இருந்தது.

பெர்ப்பிச் 1978 நவம்பர் தேர்தலில் தோற்றார். (1982-ல் ஜெயித்துத் திரும்ப வந்தது வேறு கதை.) விவசாயிகளோடு நின்ற ஒரு கல்லூரிப் பேராசிரியர், ஓர் இயற்பியல் பேராசிரியரோடு சேர்ந்து இந்தப் போராட்டத்தைப் பற்றி 1981-ல் புத்தகம் எழுதினார். பால் வெல்ஸ்டோன் என்று பெயர். 1990-ல் அவர் அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2002-ல் விமான விபத்தில் இறக்கும்வரை செனட்டில் இருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. சண்டை உச்சத்தில் இருந்தபோதே, 1977-ல், மின்னசோட்டா சட்டசபை ஒரு சட்டம் போட்டது. செல்லமாக 'பண்ணையை வாங்கு' சட்டம். ஒரு பெரிய மின் பாதை உன் நிலத்தின் குறுக்கே வருகிறதா? கோபுரம் நிற்கிற துண்டுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போக முடியாது. நீ விரும்பினால், தொடர்ச்சியாக உள்ள உன் முழு நிலத்தையும் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். நிலத்தை விற்க எவனுக்கும் மனசு வராதுதான். ஆனால், பாதை போடுகிறவன் பென்சிலை எடுக்கும்போதே ஒரு முறைக்கு ரெண்டு முறை யோசிப்பான் அல்லவா?

சரியாக முப்பது வருஷம் ஓடியது. அதே மின்னசோட்டா. இந்தத் தடவை வயல் இல்லை, நகரத்துக்குள்ளே ஒரு குடியிருப்பு. மினியாபொலிஸில் ஃபிலிப்ஸ் என்ற பகுதி. வசதி குறைந்தவர்கள், பூர்வகுடிகள், சோமாலியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் வாழ்கிற இடம். பழைய ரயில் பாதை ஒன்றை சைக்கிள் பாதையாக்கி, மரம் செடி வைத்து ஆசையாக வளர்த்திருந்தார்கள். 2009-ல் எக்ஸெல் எனர்ஜி என்ற மின் நிறுவனம், அந்தப் பாதையை ஒட்டி 115 கிலோவோல்ட் லைன் கொண்டுபோக விண்ணப்பித்தது. நீளம் ஒன்றரை மைல்கூட இல்லை. 430 மைலுக்கு முன்னால் இது சுண்டைக்காய்.

அந்தச் சுண்டைக்காய் லைனுக்கு மூன்று வருஷம் பேச்சு நடந்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் முதலில் கேட்ட கேள்வி உங்களுக்கே தெரியும். 'வேணுமா?' அவ்வளவு சின்ன லைனுக்குச் சாதாரணமாகத் தேவைச் சான்றிதழ் அவசியமில்லை. 2010-ல் சட்டசபை குறுக்கிட்டு, இதற்கு அவசியம் என்றது. சிக்கனம் செய்தே சமாளிக்க முடியாதா, பூமிக்கடியில் கொண்டுபோனால் என்ன செலவு, அதை இந்தத் தெருக்காரன் தலையில் கட்டுவதா எல்லோரும் பகிர்ந்துகொள்வதா என்று எல்லாம் மேஜைக்கு வந்தது. 2012-ல் மாநில ஆணையம் முடிவு சொன்னது. லைன் தேவைதான். ஆனால் சைக்கிள் பாதையை ஒட்டி அல்ல; 28-ம் தெருவுக்கு அடியில், மண்ணுக்குள்.

லைனே வேண்டாம் என்றவர்கள் ஜெயிக்கவில்லை. சுலபமாக, மேலோடு கம்பி இழுக்க நினைத்த நிறுவனமும் ஜெயிக்கவில்லை. யாரும் போல்ட்டைக் கழற்றவில்லை.

ரெண்டு கதையிலும் கூட்டம் போட்டார்கள், மைக் வைத்தார்கள், பேசியதை எழுதிக்கொண்டார்கள். வித்தியாசம் கூட்டத்தின் எண்ணிக்கையில் இல்லை. முதல் கதையில் 'எங்கே?' என்று மட்டும் கேட்டார்கள். ரெண்டாவது கதையில் 'வேணுமா?' என்ற கேள்வியும் மேஜை மேல் இருந்தது. 'வேணும்' என்று பதில் வந்தாலும் ஜனங்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். கேட்காமல் விட்டதைத்தான் தாங்கமுடிவதில்லை. அடுத்த முறை உங்கள் தெருவிலோ ஊரிலோ கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினால், எத்தனை மணிக்கு என்று பார்ப்பதோடு, எந்தக் கேள்விக்குக் கருத்துக் கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

அந்த 430 மைல் லைன் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் முடித்தால் தப்பு. ரெண்டு கூட்டமைப்புகளும் 1999-ல் ஒன்றாகி கிரேட் ரிவர் எனர்ஜி ஆயின. 2020-ல், கரி மின்சாரம் இனி கட்டுப்படி ஆகாது, அண்டர்வுட் நிலையத்தை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். மூடவில்லை. 2022-ல் நிலையத்தையும் லைனையும் வேறு கம்பெனிகளுக்கு விற்றார்கள். வாங்கியவர்களுக்குக் கரி நிலையத்தைப் போலவே லைனும் பெரிய சொத்து. வடக்கு டகோட்டாவின் காற்றாலை மின்சாரத்தையும் அதில் அனுப்பலாமே என்ற கணக்கு. அவ்வளவு நீளத்துக்கு இன்றைக்கு ஒரு புதுப் பாதை போடுவது லேசான காரியமா?

போப் கவுண்டி வயல்களில் அந்தக் கோபுரங்கள் இன்னமும் நிற்கின்றன. விதைப்புக் காலத்தில் டிராக்டர்கள் அவற்றை வளைத்து வளைத்துப் போகின்றன.